கை கழுவிய பிறகு

முதல் கன்றை நான்தான் கொன்றேன்.
பதினேழாம் நம்பர் காட்டில்
செம்பனைக்கு வீசிய பாஸ்பேட்டில் ஒரு பிடியை
சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டுவந்து
அதன் காலடியில் தூவினேன்.
இந்தத் தீம்பாரில் அதற்குமுன் நான் திருடியது
இரண்டு தேங்காய், ஒரு மண்வெட்டிக் காம்பு.

பத்தே நாள்.
பட்டாக இருந்த இலை
நனைந்து காய்ந்த செய்தித்தாளாயிற்று.

நாற்றுப் பண்ணை ஆ கியோங்
மலாய் பாதி தமிழ் பாதியாகச் சிரித்தான்.
"இது வேற மாதிரி, அக்கா.
சாப்பாடு போட்டா செத்துப்போகும்."
ஆப்பிரிக்காவின் தென்முனையில் எங்கோ ஒரு மலைச்சரிவு
இதற்குத் தாய்வீடாம்.
அங்கே மண்ணில் ஒன்றும் இல்லையாம்.
ஒன்றும் இல்லாததைத்தான் இது தின்று வளருமாம்.

இரண்டாவது, தொண்ணூறு ரிங்கிட்.
ஒன்றரை நாள் கூலி.
தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் சிரம்பான் போயிருந்த நான்கு நாளும்
எதிர்வீட்டுக் குணவதி
காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள்.
"பிள்ளை மாதிரி பாத்தேன்" என்றாள்.
பார்த்திருக்கிறாள், பொய்யில்லை.
ஞாயிற்றுக்கிழமை நின்றது.
திங்கட்கிழமை பிரட்டுக்குப் போய்த் திரும்பினால்
மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது.
வேரைப் பிடுங்கி முகர்ந்தேன்,
அடைத்துக்கொண்ட சாக்கடை வாசம்.

"கைகழுவிவிடும்மா" என்றான் மகன்,
ஜொகூரிலிருந்து, போனில்.
"காய்க்குமா? நிழலாவது தருமா?"
பதில் தெரியாததால்
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மூன்றாவதுக்கு
வீட்டுக்குப் பின்னால் மேடு கட்டினேன்.
செர்த்திங் ஆற்று மணல் ஆறு வாளி,
சாத்தே கடை பாக் டின் கொடுத்த கரித்தூள்,
லோரிப் பாதையில் பொறுக்கிய செம்பரல்.
தாய்மண்ணோடு ஒரே முறை இறக்கினேன்.
வேரைத் தொடவில்லை. களை முளைத்தாலும் கொத்துவதில்லை,
கத்தரிக்கோலால் வெட்டுகிறேன்,
பச்சைக் குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல.

இப்போது என் இடுப்புக்கு வந்திருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் ரஃபிகுல் என்று ஒரு பையன்,
வங்காளதேசத்துக்காரன்.
கடன் வாங்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டு
"அக்கா, தூசி" என்று
கட்டைவிரலால் ஓர் இலையைத் துடைத்தான்.
போகவில்லை.
இன்னும் அழுத்தித் துடைத்தான்.
பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

உரம் வீசும் நாளில்
மத்தியானம் நாங்களும் இப்படித்தான் இருப்போம்,
இமைமயிர் வரை வெள்ளை.
எங்களுடையது சோப்புக்குப் போகிறது.
பெரும்பாலும்.

அதனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.
பூட்ஸ் முன்வாசலோடு சரி.
வெளிக்குழாயில் முழங்கை வரை,
நகக்கண்வரை,
இரண்டு தரம் கழுவிய பிறகுதான் மேட்டுப் பக்கம்.
அப்போதும் உள்ளங்கையை நீட்டுவதில்லை.
புறங்கையால் தொடுவேன்,
பூனைக்குட்டி வயிறு.

மழை நாளில் அதற்கு ஒளி இல்லை.
ரோமம் எழுந்து, மங்கி,
அழுக்குப் பச்சையாக நிற்கும்.
வெயில் ஏற ஏற ரோமம் படிந்து
தகடாகும்.

இந்தப் பிப்ரவரியில் ஆறு வாரம் மழை இல்லை.
செம்பனையில் குருத்து விரியாமல் ஈட்டி ஈட்டியாக நிற்க
மேனேஜர் வானத்தைத் திட்டிக்கொண்டு ஜீப்பில் போகிறார்.
என் மரமோ,
குணவதி தன் சன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்,
கண் கூசுகிறதாம்.

ஆணா பெண்ணா, பூத்தால்தான் தெரியும் என்கிறான் ஆ கியோங்.
எதுவானாலும் துணைக்கு இன்னொன்று
இந்த வட்டாரத்தில் கிடையாது.

இன்று உச்சிவெயிலில் வேலை விட்டு வந்தேன்.
நுனியில் புதிதாக என்னவோ ஒரு முடிச்சு,
இலையோ, வேறு எதுவோ.
குழாயைத் திருகினேன்.
இருமியது. காற்று வந்தது.
தண்ணீர் லோரி நாளைக்குத்தானாம்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
முகத்தை மட்டும்
அருகே கொண்டுபோகிறேன்,
மூச்சை அடக்கி.