உட்பட்டு

இரவு ஒன்றரைக்கு ஃபைல் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு நிமிடம், வாஷிங்டன் கோர்ட்டு வாதம்,
விடிவதற்குள் வேண்டுமாம்.
ஆனையூர் செல்போன் கடை மாடியில் இருப்பது ஒரே ஃபேன்.
அதையும் கம்ப்யூட்டர் பக்கம்
திருப்பி வைத்திருக்கிறார் ஞானராஜ் சார்.

மிதிகட்டையை அழுத்தினால் பேசுவார்கள்.
காலை எடுத்தால்
பாதிச் சொல்லில் நிற்பார்கள் ஒன்பது நீதிபதிகளும்.
இந்த அளவுக்கு எனக்கு அதிகாரம் உண்டு.

வழக்கு இதுதான்:
அந்த மண்ணில் பிறந்த பிள்ளை
அந்த நாட்டுப் பிள்ளையா?
ஆமாம் என்று
நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.
எழுதியவர்கள் சும்மா இருக்காமல்
நடுவில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டார்கள்.
அதிகார வரம்புக்கு
உட்பட்டு.
அதைத்தான் இரண்டு மணி நேரமாகக்
குப்பைமேட்டுக் கோழிபோல் கிளறுகிறார்கள்.

விசாவில் வந்தவள் உட்பட்டவளா?
விசா இல்லாமல் வந்தவள்?
தூதரின் மனைவிக்கு வலி எடுத்தால்?
ஒருவர் ஏதோ சொல்ல, அவை சிரிக்கிறது.
அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று அடிக்க வேண்டும்.
அடித்தேன்.

பழைய தீர்ப்பு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது.
ஒரு சமையல்காரன், சீனத்துத் தாய் தகப்பன்.
பிறந்த ஊர்த் துறைமுகத்திலேயே இறங்கவிடாமல்
மாதக்கணக்கில் கப்பலில் வைத்திருந்தார்களாம்.
அந்த இடத்தை மட்டும்
தேவையே இல்லாமல்
இரண்டாம் முறை ஓடவிட்டேன்.

நான் பிறந்தது பெரியாஸ்பத்திரியில்,
தொண்ணூற்று மூன்று, ஆடி.
சான்றிதழில் மாநகராட்சியின் ஊதா முத்திரை
இன்னும் மங்கவில்லை.
ஏழு வருடம் முந்திப் பிறந்திருந்தால் நான் பிரஜை.
அப்போது அம்மா மன்னாரில்
எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

உட்பட்டவளா என்று என்னைக் கேட்க வேண்டும்.
கணக்கெடுப்பு நாளில் தலை காட்டாவிட்டால்
பணக்கொடை நிற்கும்.
ராமேஸ்வரம் போக ஒரு மனு,
திரும்பி வந்ததற்கு ஒரு கையெழுத்து.
என் கல்யாணத்தை விசாரிக்க வந்த க்யூ பிராஞ்ச் ஏட்டு
இரண்டு வடை தின்றுவிட்டு
மாப்பிள்ளையும் முகாம்தானே என்று கேட்டுப் போனார்.
இத்தனை உட்பட்டவள்
மதுரையில் எத்தனை பேர்?

நாலரைக்கு முகாமிலிருந்து அம்மா போன்.
குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.
"என்ன பிள்ளை, இண்டைக்கு அவையள் என்ன கதைக்கினம்?"
சொன்னேன்.
குடம் நிரம்பும் சத்தம் கொஞ்ச நேரம்.
"பிறந்ததிட்டயே கேக்கலாமே,
எந்த ஊரில அழுதனீ எண்டு."
அடுத்த குடத்தை வைத்துவிட்டாள்.

நூற்றெட்டாவது நிமிடத்தில் யாரோ இருமுகிறார்கள்.
வக்கீல் சொன்னது உட்பட்டவரா, உட்படாதவரா?
நாலு முறை கேட்டேன்.
ஊகிக்கக் கூடாது என்பது விதி.
தெளிவாக இல்லை என்று அடித்து நேரத்தைக் குறித்தேன்.

அனுப்பும் முன் ஒரு படிவம்.
பெயர்: நிரோஷினி.
நாடு என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் ஃபைல் போகாது.
நீளப் பட்டியலை உருட்டி
இந்தியா என்று அமுக்கினேன்.
தினமும் அமுக்குகிறேன்.
இதுவரை யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.