இறந்த நேரம்

தட்டு பதினொன்று.
ஓட்டைத் திறந்து, மூடுதசையை அறுத்து,
செவுளில் நகக்கண் அளவு ஒரு துண்டு
வெட்டி வைத்தது காலை ஒன்பது பத்துக்கு.
இப்போது மணி நாலே கால்.
இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஓடு குப்பைப் பையில்.
தசை உறைபெட்டியில், எண் ஒட்டி.
வாய், குடல், பாதம், தூணைப் பற்றியிருந்த நார்
எல்லாம் தனித்தனியே போய்ச் சேர்ந்தாயிற்று.
செவுளுக்கு மட்டும்
யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தால்,
வளைவில் திரும்பும் எம்ஆர்டியில்
காலிப் பெட்டியின் கைப்பிடிகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சாயுமே, அப்படி.
மயிரிழையினும் மெல்லிய பிசிர்கள்
இல்லாத வாய்க்கு
இல்லாத இரையை அள்ளி அனுப்பியபடி.

நான் எண்ணுகிறேன். அதுதான் என் வேலை.
நிமிடத்துக்கு எத்தனை.
பிறகு தாமிரக் கரைசல், ஒரு சொட்டு.
பிறகு எத்தனை.
இன்னொரு சொட்டு.

திட்டம் தொடங்கும்போது ஒரு படிவம் வந்தது.
முதல் கேள்வி: முதுகெலும்பு உண்டா?
இல்லை என்று குறித்தேன்.
அப்படியானால் மீதி ஆறு பக்கங்களை
நிரப்ப வேண்டாம் என்றிருந்தது.
வலி பற்றியது மூன்றாவது பக்கம்.
சும்மா வாசித்துப் பார்த்தேன்.

பக்கத்து மேசையில் ஷூ லிங்
செல்களுக்குச் சிவப்புச் சாயம் ஊட்டுகிறாள்.
நலமாக இருப்பவை சிவப்பை
ஒரு மணி நேரமாவது உள்ளே அடக்கி வைத்திருக்கும்.
நொந்தவை கசியவிடும்.
என் தங்கை மாதிரி, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, எண்ணிக்கையில் இருந்தாள்.

உபின் பக்கத்து மிதவைப் பண்ணையில் வளர்ந்தவை
பச்சைப் பளபளப்பு, கொழுத்த சதை.
மூன்றாம் சொட்டிலேயே தளர்ந்துபோயின.
பதினொன்று அங்கிருந்து வந்ததல்ல.
கப்பல் பழுதுபார்க்கும் துறையில்
பெயின்ட்டும் துருவும் ஊறிய தூணிலிருந்து
ஹைருல் முங்கிச் சுரண்டி எடுத்தது.
அவன் உள்ளங்கையில் மூன்று தையல்.

ஏழாம் சொட்டுக்கும் அது அசரவில்லை.
திரும்ப எண்ணினேன்.
ஷூ லிங் வந்து எண்ணினாள்.
கரைசல் குப்பியை மாற்றிவிட்டு
இருவரும் மறுபடி எண்ணினோம்.

வலு என்று எழுதலாமா, கேட்டேன்.
பழக்கம், என்றாள்.
இரண்டுக்குமே ஏட்டில் கட்டம் இல்லை.

மட்டி என்பது எங்கள் வீட்டில் வசை.
கூட்டலில் தப்பினால் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார்.
வாயை மூடிக் கிடப்பது,
வருவதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்வது,
கொதிக்க வைத்தால் மட்டும் திறப்பது.
யோசித்தால் அவருக்கும் பொருந்தும்.
முப்பது வருஷம் அதே துறையில்தான்
கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டினார்.
மருத்துவர் இருமச் சொன்னபோதெல்லாம்
ஒன்றுமில்லை, தூசு என்றார்.

ஏட்டில் இருக்கும் கட்டம் இது: இறந்த நேரம்.
எல்லோரும் ஓட்டைத் திறந்த நேரத்தைத்தான் எழுதுகிறோம்.
பத்துத் தட்டுகளுக்கும் அதையே எழுதியிருக்கிறேன்,
அவையும் மதியம் வரை அடித்துக்கொண்டுதான் இருந்தன.
பதினொன்றுக்கும் ஒன்பது பத்து என்று எழுதினேன்.
அழித்தேன்.
நாலே கால் என்று எழுத
அது விடவில்லை.

முடிந்த தட்டுகளில் குளோரின் ஊற்றிக் கழுவ வேண்டும்.
விதி அது. ஊற்றினேன், பத்துக்கும்.
கீழே படகுத்துறையில் ஹார்ன் கேட்டது.
பதினொன்றை மூடி, மூடியின் மேல்
பென்சிலால் நாளைத் தேதி போட்டுக்
குளிர்பெட்டிக்குள் வைத்தேன்.
கதவு சாத்தியதும் உள்ளே விளக்கு அணைந்தது.
அணைந்ததா என்று எப்போதும் போல
ஒருமுறை திறந்து பார்த்தேன்.

தீவு பின்னால் போனது.
முன்னால் நங்கூரமிட்ட கப்பல்கள்
ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன.
கட்டுப்போட்ட கையைச் சுக்கானில் வைத்தபடி
ஹைருல் கேட்டான்: எல்லாம் முடிந்ததா?

பத்து முடிந்தது, என்றேன்.