நேற்றுப் பெய்த மழை

குப்பி கழுவும் தொட்டியிலிருந்து
நுண்ணோக்கி மேசைக்கு என்னை மாற்றிய அன்று
ஆய்வகத்து வண்டி ஓட்டும் இன்னாசிமுத்து அண்ணன்,
குவைத்தில் இருபத்தேழு கோடை கண்டவர்,
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
நேத்துப் பேஞ்ச மழையில
இன்னைக்கு மொளைச்ச காளான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி. அல் ராய் சந்தையில்
பெட்டி பெட்டியாய் ஃபகா.
உருளைக்கிழங்கு என்று நினைப்பவருக்கு
விலை கேட்டதும் தெளியும்.
வெள்ளைச் சுபைதி, சிவந்த கலாஸ்,
லிபியாவிலிருந்து விமானத்தில்,
ஈராக்கிலிருந்து லாரியில்.
அபூ மிஷாரி மட்டும் சத்தியம் செய்கிறார்,
தன் பெட்டி இந்த மண்தான்,
நேற்றுத் தோண்டியதுதான் என்று.
அவருக்கு வேண்டியது சான்றிதழ்.
எனக்கு வேண்டியது
சவரக்கத்தியால் சீவிய ஒரு கீற்று.

அயோடின் ஒரு துளி.
காத்திருக்கிறேன்.
பை ஒவ்வொன்றாய் நீலம் ஏறுகிறது.
உள்ளே வழவழவென்று முட்டை வடிவில்
எட்டெட்டாய் வித்துகள்.
சுபைதிதான்.
கலாஸ் என்றால் நீலம் வராது;
வித்தும் உருண்டை, மேலே பலாத்தோல்.

அந்த நீலம் என்னை விடுவதில்லை.
எப்போதோ, எங்கோ, ஈர நிலத்தில்
கிண்ணம்போல் வாய் பிளந்து கிடந்த
ஒரு காளானின் வழி வந்தவை இவை.
அதன் பைகள் அழுத்தம் ஏற்றி, மூடி திறந்து,
வித்தைக் காற்றில் சுட்டுத் தள்ளியவை.
அயோடின் பட்டிருந்தால் அவையும் நீலித்திருக்கும்.
பிறகு நிலம் காய்ந்தது.
கிண்ணம் விளிம்பைக் குவித்தது,
மடிந்தது, சுருண்டது,
வாய் மூடி மண்ணுக்குள் போனது.
சுடும் விசையைக் கைவிட்டது.
காற்றை நம்பியது போய்
பாலை எலியின் மூக்கை நம்பியது.
இதற்கு எத்தனை மழை ஆயிற்று என்று
யாரிடமும் கணக்கில்லை.
சுபைதி அந்த நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டது.
கலாஸ் அதையும் விட்டுவிட்டது.

எந்த நாட்டு மண் என்று நீலம் சொல்லாது.
மொராக்கோவிலிருந்து இந்தக் கரை வரை
ரக்ரூக் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு
இதே பை, இதே எட்டு.
செடி சர்க்கரை தரும்,
இது உப்பும் நீரும் தேடித் தரும்.
எந்தச் சாவடியிலும் இறங்கிக்
கைரேகை வைத்ததில்லை.

படிவத்தில் ‘பிறப்பிடம்’ என்றொரு கட்டம்.
எழுதினேன்: நுண்ணோக்கியால் அறிய இயலாது.
அபூ மிஷாரி மேசையைத் தட்டினார்.
தட்டிய கையாலேயே வானத்தைக் காட்டினார்:
வஸ்ம் மழை அக்டோபரிலேயே விழ வேண்டும்,
இடி இடிக்க வேண்டும்,
அப்புறம் எழுபது நாளாவது பொறுக்க வேண்டும்.
நேற்று மழைக்கு எதுவும் வராது, பெண்ணே.

நேற்றுத் தோண்டியது என்றீர்களே, என்று கேட்கவில்லை.
எழுபது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
என் சிவில் ஐடியில் தொழில்: துப்புரவு.
மாற்றச் சொல்லிப் படிவம் கொடுத்து
எழுபதைத் தாண்டிவிட்டது.

மிஞ்சிய மாதிரியை அழிக்க வேண்டும் என்பது விதி.
அழித்தாயிற்று என்று கையெழுத்திட்டேன்.
மறுநாள் மதியம், நெய்யில் வதக்கியது,
அண்ணன் தட்டிலும் ஒரு கரண்டி.
கறி மாதிரி இருக்கே, கிலோ என்ன விலை?
சொன்னேன்.
மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

மூன்று வருடம் குப்பி கழுவிய கைதான்
ஏழு தண்ணீரில் கழுவியது.
இருந்தும் அவர் பல்லில்
நறுக்கென்றது மணல்.