பெரியது முதலில்

டெ மொயின், பிப்ரவரி.
கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில்
முப்பத்தொரு மேசைகள்.
என்னுடையது பதினேழு,
வளையத்துக்கு நேர் கீழே.
நீல விரிப்பு, வங்கிப் பெயர் போட்ட பேனா நூறு,
கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய்.
என் பெயரட்டை: மாரிட், வருவாய்ப் பகுப்பாய்வு.

காலையிலிருந்து அதே கேள்விகள்.
முதலீட்டு வங்கியில் தூங்க விடுவார்களா?
தணிக்கைக்குப் போனால் ஊர் ஊராய்ச் சுற்றலாமாமே?
காப்பீட்டுக் கணிப்பாளராக எத்தனை பரீட்சை?
பத்துக்குப் பக்கம் என்றேன்.
பையன் மிட்டாயைத் திரும்ப வைத்துவிட்டான்.
இன்னொருவன், இரவல் கோட்டு,
கைமடிப்பில் சலவைக்கடைச் சீட்டு தொங்க,
"எந்த மேசையில் பணம் அதிகம்?" என்றான்.
எட்டு என்று காட்டினேன்.
பொய் சொல்ல எனக்குச் சம்பளம் கிடையாது, இன்றைக்கு.

பிறகு அவள். சனேலா என்றாள், இரண்டாமாண்டு.
காலணி ஓரமெல்லாம் பனிக்குத் தூவிய உப்பு.
தன்விவரத்தை நீட்டவில்லை,
கைப்பேசியை நீட்டினாள்.

அக்டோபர் மூன்று. இருப்பு இருநூற்றுப் பத்து.
காலையில் காப்பி, நான்கு டாலர்.
பேருந்துக்கு இரண்டு.
மதியம் நூலகத்தில் அபராதம் ஆறு.
ராத்திரி, அறை வாடகையில் என் பங்கு, இருநூற்றுப் பத்து.
"நான் செலவழித்த வரிசை இது.
உங்கள் வங்கி எழுதிய வரிசை வேறு.
வாடகை முதலில். கணக்கு சுழியம்.
பிறகு அபராதம், காப்பி, பேருந்து,
மூன்றும் சுழியத்துக்குக் கீழே.
ஒரு தடவை தவறியவளுக்கு மூன்று தண்டம்,
தலைக்கு முப்பத்துநான்கு.
முப்பத்தெட்டு டாலர் காப்பி.
நன்றாகத்தான் இருந்தது."

"இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.
அந்த வேலைக்கு என்ன பெயர்?
எந்தப் பாடம் எடுத்தால் கிடைக்கும்?"

குரலில் கேலி இல்லை.
மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு. ஒன்பதாம் மாடி.
திரையில் ஒரு பட்டியல், பட்டியலில் ஒரு நெடுவரிசை.
இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும், என்றார் மேலாளர்.
வந்த வரிசையை இறங்குவரிசை ஆக்கினேன்.
ஒரே சொடுக்கு.
வருடத்துக்குப் பதினோரு மில்லியன் ஆயிற்று.
கேக் வெட்டினோம். எலுமிச்சை கேக்.
வாடகை தவறினால் நீங்கள் தெருவுக்கு வந்துவிடுவீர்கள்,
ஆகவே முக்கியமானதை முதலில் செலுத்துகிறோம் என்று
வாடிக்கையாளர் கடிதமும் நானே எழுதினேன்.
நம்பித்தான் எழுதினேன், பாதி.

முதல் என்றால் தொடக்கம், முதல் என்றால் போட்ட பணம்.
இருப்பு என்றால் மிச்சம்,
இருப்பு என்றால் உயிரோடு இருப்பதும்தான்.
எங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

"விலை நிர்ணயம்" என்றேன்.
"புள்ளியியல் எடு. நடத்தைப் பொருளியல் ஒன்று."
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள், என் பேனாவால்.
"அதை நிறுத்துகிற வேலைக்கு?"

கடைசியில், கழிவறை அம்புக்குறிக்குக் கீழே,
மேசை முப்பத்தொன்று.
மாநில வங்கி ஆய்வாளர் அலுவலகம்.
விரிப்பு இல்லை, மிட்டாய் இல்லை.
ஒருவர் தனியே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.
சம்பளம் என்னுடையதில் பாதி. அதையும் சொன்னேன்.
"பாதியா?"
திரும்பி எட்டாவது மேசையைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அவள் படிப்புக் கடன் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் யாரோ கோடைப் பயிற்சிக்குக் கடைசித் தேதி கேட்டார்கள்.
நிமிர்ந்தபோது அவள் இல்லை.
முப்பத்தொன்றில் அவர்
யாருக்கோ ஒரு துண்டு நீட்டுகிறார்.
நடுவில் கூட்டம். முகம் தெரியவில்லை.

மாலையில் மிச்சத்தை எண்ணி எழுத வேண்டும்.
பேனா அறுபத்திரண்டு. மிட்டாய் தீர்ந்தது.
சந்தித்த மாணவர்கள், அகர வரிசையில், என்கிறது படிவம்.
வந்த வரிசையிலேயே எழுதினேன்.