குழாய்ச் சத்தம்

இரவு பதினொன்றரைக்கு எங்கள் வீட்டில்
இரண்டு சத்தங்கள்.
ஒன்று, நான் பிரிட்ஜ் திறப்பது.
றப்பர் உதடு ஒட்டிப் பிரியும் அந்தச் சின்ன முத்தத்தை
விரல் வைத்து அமுக்கப் பழகிவிட்டேன்.
மற்றது, குளியலறையில் நிரோஜா
குழாயைத் திறந்துவிடுவது.

பாலையூற்றில் தண்ணீருக்கும் காசு.
பில்லைப் பார்த்து அம்மா சொல்கிறாள்
எங்கேயோ ஒழுகுது, ஆளைக் கூப்பிடு.
நான் வாய் திறப்பதில்லை.
ஒரு றாத்தல் பாண் எங்கே போனதென்று
அவளும் வாய் திறப்பதில்லை.

சம்பூரை விட்டு நடந்தபோது எனக்கு ஒன்பது வயது.
அவள் அப்பாவின் தோளில், தூக்கம்.
வெருகல் தாண்டிய அன்று
யாரோ ஒரு பைக்கற் மேரி பிஸ்கட் தந்தார்கள்.
கிடைக்கும்போது தின் பிள்ளை, என்றாள் அம்மா.
பிறகு முகாம்.
மா வந்தது, சீனி வந்தது, பருப்பு வந்தது,
மரக்கறி வரவேயில்லை.
தலையணைக்குள் நான் ரொட்டி ஒளித்தேன்,
எறும்புகள் என் காதைக் கடித்தன.
முகாம் மூடி எத்தனையோ வருஷம்.
அந்தக் ‘கிடைக்கும்போது’ மட்டும்
இன்னும் மூடவில்லை.

மத்திய வீதிப் புடவைக் கடையில்
பத்து மணிநேரம் நிற்கிறேன்.
பத்து மணிக்கு ரோல்ஸ், நாலு மணிக்கு மாலு பாண்,
நடுவில் மூன்று தேத்தண்ணி, சீனி நிறைய.
மற்றவர்களுக்கு இடுப்பளவு சொல்லும் வாய்
தன் அளவைச் சொல்லாது.
முழங்கால் சொல்கிறது, படியேறும்போது.
இரத்தத்தில் சீனி என்று கார்ட்டில் எழுதிவிட்டார்கள்,
இருபத்தேழு வயதில்.

உப்புவெளியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்
முகம் லட்சணம்தான், என்றார்கள்.
அந்தத் ‘தான்’ கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தது.
பிறகு அந்த மனிசி,
தேத்தண்ணித் தட்டோடு நின்ற பதினைந்து வயது மணிக்கட்டை
இரண்டு விரலால் வளைத்துப் பார்த்துச் சொன்னாள்
இவளாவது இப்படியே இருக்கட்டும்.
அன்று இரவு நிரோஜா
சோற்றைக் கோப்பையில் நகர்த்திக்கொண்டேயிருந்தாள்.
ஆறு வருஷமாக நகர்த்துகிறாள்.

அப்படியென்றால் என் உடம்புதான்
அவளுடைய பட்டினியா?
கேட்கக்கூடாத கேள்வி.
பாணின் நடுப்பகுதியைப் பிய்த்து
உருட்டி விழுங்கினால்
கொஞ்ச நேரம் கேட்காது.

வடிகாலில் அவள் தலைமயிர்.
ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிடாய் இல்லை.
வலது கை விரல் முட்டில், பல் பட்டு ஆறி, பட்டு ஆறி
ஒரு காய்ப்பு.
அதை நான் பார்த்தேன்.
என் அலுமாரியில் சட்டைகளுக்குக் கீழே
பிஸ்கட் கவர்கள் மடித்து வைத்திருப்பதை
அவள் பார்த்திருக்கிறாள்.

நேற்று கதவைத் தட்டினேன்.
குழாய் ஓடியது. மறுபடியும் தட்டினேன்.
நிற்பாட்டினாள்.
வாயோரம் ஈரத்தோடு அவள்,
வாயோரம் ஜாமோடு நான்.
சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை.
‘நீ முதலில் போ,’ என்றாள்.
‘இரண்டு பேரும்,’ என்றேன்.

ஆஸ்பத்திரித் தராசில்
எனக்கு எண்பத்திரண்டு, அவளுக்கு முப்பத்தாறு.
கூட்டி இரண்டால் வகுத்தால்
அட்டவணை சொன்னபடி இரண்டு பெண்கள்.
கணக்கைச் சொன்னேன். நேர்ஸ் சிரித்தா.
டொக்டர் சிரிக்கவில்லை.
அவளிடம்தான் நிறைய நேரம் பேசினார்,
எடையைப் பற்றி இல்லை, அந்த மணிக்கட்டைப் பற்றி.
அடுத்த கிழமை என் முறை. முகாமைப் பற்றிக் கேட்பார் போல.

பஸ் ஸ்டாண்டில் ஒரு புள்ளிமான்
சோற்றுப் பார்சல் பொலித்தீனை மென்றுகொண்டிருந்தது.
நிரோஜா போய் நுனியைப் பிடித்து இழுத்தாள்.
வந்துகொண்டேயிருந்தது, ஈரமாக, குழம்பு வாசத்தோடு,
எவ்வளவு நீளம்!
மான் அவளை மிரண்டு பார்த்தது,
தன் சாப்பாட்டைப் பறிக்கிறாள் என்று.

இன்று பதினொன்றரை.
பிரிட்ஜைச் சத்தத்தோடுதான் திறந்தேன்.
அடுத்த அறையில் கட்டில் முனகியது.
பிறகு ஒன்றுமில்லை.
குழாய் இன்னும் ஓடவில்லை.