வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

சோதனைக்கு வருகிறார்கள் என்று
மூன்று நாள் முன்பே கடிதம் வந்துவிட்டது.
பதினாறு கட்டிலுக்கும் புது விரிப்பு.
தீயணைக்கும் உருளையில் புதுச் சீட்டு.
சாப்பாட்டுப் பலகையில்
மீன், கீரை, பயற்றங்காய் என்று
நான்தான் சோக்கால் எழுதினேன்.
கீரை உண்மை.

டெற்றோல் ஊற்றிக் கழுவிய வாளியைப்
பேரின்பத்தின் அறையில்
வழமையான மூலையிலேயே கவிழ்த்து வைத்தேன்.
அது பழக்கதோஷம்.
அதைத்தான் கண்டார்
ஏறாவூரிலிருந்து வந்த நஸ்லியா மிஸ்.

"குழாய் வெளியில இரிக்கி.
வாளி என்னத்துக்கு உள்ளுக்க?"

பொறுப்பாளர் இருமினார்.
நான் கதவைப் பார்த்தேன்,
மிஸ்ஸும் பார்த்தார்.
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.
என் கை பட்டுப் பட்டு
பித்தளை மின்னிக்கொண்டிருந்தது.

"பாதுகாப்புக்குத்தான் மிஸ். டச்பார், கடல் கிட்ட.
ராவைக்கு எழும்பிப் போனா ஆர் பொறுப்பு?"

"கடல் வந்த நேரம்
இந்த ஒழுங்கையில எவ்வளவு உயரம் நிண்டது?"

என் வீடும் அதே ஒழுங்கைதான்.
வாய் வரவில்லை, கையை உயர்த்திக் காட்டினேன்:
தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு முழம்.

படிவத்தில் 'பாதுகாப்பு' என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டு
அறைக்குள் போனார் மிஸ்.
"இப்ப பூட்டுங்க."
"மிஸ்?"
"ராவைக்குப் பூட்டுற மாதிரி."

கை தானாகப் போயிற்று.
டக்.

காலை பத்தரை மணி. நல்ல வெயில்.
யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தேன்:
மிஸ்ஸின் கைப்பையை முகர்ந்துகொண்டு நின்ற பேரின்பம்,
நாற்பத்தொரு வயது,
பையை விட்டுவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தச்சர் வந்து நாலு திருகாணி கழற்றினார்.
முதல் இரவு ஒருவருக்கும் நித்திரையில்லை,
எனக்கும்.
பன்னிரண்டாம் நாள் பேரின்பம் குழாயடியில் சறுக்கி
நெற்றியில் மூன்று தையல்.
"பாத்தீங்களா?" என்றார் பொறுப்பாளர்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
குழாயடி லைற் ஒரு கிழமையாக எரியவில்லை என்பதையும் சேர்த்துக்
கொப்பியில் எழுதி
கையொப்பம் வைத்தேன்.

அதற்கு முந்திய பக்கங்களைத் தட்டிப் பார்த்தால்
ஆறு வருஷம், என் கையெழுத்தில், ஒரே வரி:
'இரவு விசேடமாக ஒன்றுமில்லை.'

இப்போது எழுதுகிறேன்:
2.10 – தானாக எழும்பினார். கக்கூசுக்குப் போனார்.
2.25 – திரும்பினார்.
போன வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.
மிச்ச நேரம் வெளியில் நின்று
கடலைக் கேட்பார்.
நான் பத்தடி பின்னால், ரோச்சை அணைத்துவிட்டு.
அதற்குக் கொப்பியில் நிரல் இல்லை.

ஒன்பது மணிக்கு
எதிர்க்கடை மூடும்போது
இரும்புக் கொண்டி விழும் சத்தம்.
சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு
பேரின்பம் இன்னும்
இருந்த இடத்திலேயே
படுத்துவிடுகிறார்.