மூன்றிலைக் கணக்கு

மூன்று மழைக்காலம் என் மண் இறங்கிப் போனது.
ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து அணைக்கு.
இப்போது அது நீருக்கடியில் படுத்திருக்கிறது.
மாதாமாதம் எனக்கு மின்சாரப் பில் வருகிறது.

நாற்பது பேர்ச் குத்தகை நிலம்.
பட்டிப்பொல கோச்சிப் பாதைக்கு மேலே, காட்டுக்குக் கீழே.
கிழங்கு, லீக்ஸ், மறுபடி கிழங்கு.
உரம் கிடைக்காத வருடம்
கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்தது.
ஜெயசீலி அதை நிறுக்கவில்லை. எண்ணினாள்.

பால்பண்ணையில் மேய்ச்சல் தரை பார்க்கிற தேவதாசன்
பால்மா டின்னில் விதை கொண்டுவந்தான்.
கடுகைவிடச் சின்னது, மஞ்சள்.
குளோவர் என்றான். மாடும் தின்னும், மண்ணும் தின்னும்.
விரலிடுக்கில் நிற்காதென்று மணலில் கலந்து வீசினேன்,
கோழிக்கு அரிசி போடுவதுபோல,
கொஞ்சம் வெட்கத்தோடு.

பக்கத்துப் பாத்தி விமலசேன மண்வெட்டியை ஊன்றிக் கேட்டான்:
"எல்லாரும் புல்லுப் புடுங்குறது.
நீங்க காசு குடுத்துப் போடுறதா?"
பதில் இருந்தது. சொல்லத் தெரியவில்லை.

பதினொரு நாள் ஒன்றுமில்லை.
பன்னிரண்டாம் நாள், பனி விலகும்போது,
மண்ணுக்கு மீசை அரும்பியிருந்தது.

ஐப்பசி அடைமழை. இரவெல்லாம் தகரத்தைக் கேட்டுக் கிடந்தேன்.
விடிந்ததும் வாய்க்கால்களைப் பார்க்க ஓடினேன்.
விமலசேனவுடையது பால் தேத்தண்ணி.
என்னுடையது வெறுந்தேத்தண்ணி.
தெளிவு என்று சொல்லமாட்டேன்.
வெறுந்தேத்தண்ணி.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினாள் ஜெயசீலி.
குண்டூசித் தலைபோல முடிச்சுகள்,
நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்கிற பிள்ளையின் ஈறு மாதிரி.
"நோயா?"
"சம்பளம்" என்றேன்.
காற்றில் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பது.
பிடித்தம் இல்லாதது.

மார்கழியில் மரை வந்தது.
மேல் பாத்தி முழுக்கக் கத்தரித்த தலை.
லீக்ஸைத் தொடவில்லை.
ராக்கோச்சி போனபின் டோர்ச் அடித்தேன்:
இரண்டு கண், அப்புறம் இரண்டு,
அதற்குக் கீழே சின்னதாய் இன்னும் இரண்டு.
வெளிச்சம் பட்டும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் விமலசேன சைக்கிள் பிரேக் கம்பி கொண்டுவந்தான்.
"ரெண்டு சுருக்குப் போதும்."
கெட்டவனில்லை. போன போகம்
அவன் கரட் முழுவதையும் பன்றி உழுதது.
சுருக்குக்கு ஆள் தெரியாதே என்றேன்.
இடுப்பில் கம்பியோடு ஒரு சிறுத்தை
விடியும்வரை கத்தியதை அவனும் கேட்டவன்தான்.
கம்பியைச் சுருட்டினான். எறியவில்லை,
சட்டைப்பைக்குள் வைத்தான்.
இன்னும் அங்கேதான் இருக்கும்.

காட்டோரம் ஆறடி அகலத்தை விட்டுவிட்டேன்.
கொப்பியில் அதைக் 'குத்தகை' என்று எழுதினேன்.
கொடுக்கிறதா, வாங்குகிறதா என்று ஜெயசீலி கேட்டாள்.

பூக்கத் தொடங்கியதும் வெட்டிப் புரட்டவேண்டும்,
பிந்தினால் தண்டு முற்றும். தேவதாசன் சொன்னது.
மண்வெட்டியோடு போனேன்.
வெள்ளைப் பூவுக்கு ஒரு தேனீ,
சில பூவில் இரண்டு, சண்டை.
இந்தக் குளிரில் எங்கே இருந்தீர்கள் இவ்வளவு நாளும்?
மண்வெட்டியைப் படுக்கவைத்துப் பிடியில் உட்கார்ந்தேன்.
செவ்வாய்க்கிழமை ஆகட்டும்.
செவ்வாயும் வந்தது.
வியாழன் மழை.

சாக்கில் விதைக்கிழங்கு முளைவிட்டு
ஒன்றையொன்று குத்தத் தொடங்கியபின்
வெட்டினேன், பாதியை.
தண்டு முற்றித்தான் இருந்தது, கை காய்த்தது.
ஒரு வெட்டுக்கு நாலு மண்புழு.
போன வருடம் எண்ணவே இல்லை, எண்ண எதுவுமில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று விமலசேன கேட்டான்,
டின்னில் விதை மீதி இருக்கா என்று,
என்னைப் பார்க்காமல்,
கோச்சி வருவதைப் பார்ப்பவன்போல.
கோச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.